பாட்டில்லாத ஆட்டம்: தேவராட்டமும் 'சமுதாயம்' என்ற சொல்லும்

எட்டயபுரத்தின் கலை வரலாற்றை எழுத உட்காருகிறவர்களுக்கு ஆயத்தமாக ஒரு வரிசை இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் இங்கேதான் காலமானார். 1882இல் பாரதி பிறந்தான். சமஸ்தானத்து வித்வானாக இருந்த சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் இவ்வூர் வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில் அச்சாயிற்று. இந்த மூன்று செய்தியோடு வரலாறு கையைக் கழுவிக்கொள்ளும். ஊரைத் தாண்டினால் பருத்தியும் கம்பும் உளுந்துமாக மானாவாரி விளைகிற கருசக்காடு. அங்கே, அரண்மனைக்காரர்களின் சொந்தச் சாதிசனம் கல்யாண வீட்டிலும் சடங்கு வீட்டிலும் கோயில் பொங்கலிலும் சலங்கை கட்டி ஆடிவந்த ஆட்டம் இந்த வரிசையில் வருவதில்லை. தேவராட்டத்தைத்தான் சொல்கிறேன்.

இதை வெறும் விடுபடல் என்று சொல்லிக் கடந்துபோக முடியவில்லை. எட்டயபுரம் ஜமீன்தார்கள் ராஜகம்பளத்து நாயக்கர்கள். வீட்டுப் பேச்சு தெலுங்கு. அவர்களுடைய குல வரலாறான 'வம்சமணி தீபிகை' 1879இல் வெளிவந்தது. பிற்காலத்தில் ஜீவனத்துக்கு வழியில்லாமல் இருந்த பாரதி 1919இல் அரண்மனைக்குக் கடிதம் எழுதி அந்த நூலைத் திருத்தி நல்ல தமிழில் எழுதித் தர முன்வந்தான் என்பது தெரிந்த செய்தி. முன்னோர் ஒருவர் விஜயநகரத்து வாசலில் சோமன் என்கிற மல்லனைக் கொன்றார், அவனுடைய எட்டுத் தம்பிகளுக்கும் அப்பனாக இருந்து காப்பாற்றினார், அதனால் எட்டப்பன் ஆனார் என்று இந்தக் குலத்தின் பெயருக்குக் கதை சொல்வார்கள். அரசர்களுக்கு வம்சாவளி வேண்டும், எழுதிக்கொண்டார்கள். 'பிரதர்சினி'யும் தெலுங்கில் எழுதப்பட்ட நூல்தான். ஆக இங்கே நடந்ததைத் தமிழுக்கும் தெலுங்குக்குமான சண்டையாகப் பார்க்க வழியில்லை. ஒரே மொழிக்குள், ஒரே சாதிக்குள்ளேயே எழுத்து ஒருபக்கமும் கால் ஒருபக்கமுமாகப் பிரிந்துபோயிற்று. சுப்பராம தீட்சிதர் ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறியீடு உண்டாக்கி அச்சில் ஏற்றினார். ஒரு ஸ்வரம் எப்படி அசையும் என்பதைக் காகிதத்தில் பிடித்துவைத்த ஊரில், பத்து மனிதர்கள் எப்படி அசைந்தார்கள் என்பது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

இந்தச் சாதியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குழப்பம் உண்டு. 'நாயக்கர்' என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துக்கொள்வார்கள். கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராம'த்தில் சொல்லும் குடிபெயர்வு கம்மவாருடையது. கம்பளத்தார் வேறு. இவர்களுக்குள் எட்டயபுரமும் உண்டு, பாஞ்சாலங்குறிச்சியும் உண்டு. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனும், அவனைக் காட்டிக்கொடுத்ததாகத் தமிழ்நாடே ஏசுகிற எட்டப்பனும் ஒரே சாதி என்பது மேடைப் பேச்சுகளில் மறந்துபோகிற விஷயம். இன்னொன்றும் உண்டு. ஜமீன்தாரைப் பெற்ற இதே சாதி, 'தொட்டிய நாயக்கர்' என்ற தலைப்பில் தமிழக அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறது. சில மாவட்டங்களில் சீர்மரபினர் பட்டியலிலும் இருக்கிறது. அரண்மனை ஒன்று, மழையை அண்ணாந்து பார்க்கும் சம்சாரி வீடு ஆயிரம். அரண்மனை மண்டபத்தில் கச்சேரி கேட்ட காது வேறு, ஆட்டக்களத்தில் புழுதி கிளப்பிய கால் வேறு.

ஆட்டம் எப்படி இருக்கும்? ஆண்கள் வரிசையாக நிற்பார்கள். காலில் சலங்கை. இரண்டு கையிலும் கைக்குட்டை மாதிரி துணி. முன்னால் நிற்கிறவர் ஓர் அடியைத் தொடங்குவார்; மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அடி மாற வேண்டியதும் அவர் பார்வையில்தான். மெதுவாகத் தொடங்கிப் போகப்போக வேகம் ஏறும். வரிசை வளையும், பிரியும், மறுபடி சேரும். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிப்பதில்லை. அவரவர் துணி அவரவர் கையில். அத்தனை பேரையும் கட்டிவைத்திருப்பது மேளம் ஒன்றுதான். அந்த மேளத்தை வெளியில் இருக்கிற நாம் உறுமி என்போம்: இடை சிறுத்த இருமுக வாத்தியம், வளைந்த குச்சியால் ஒரு முகத்தைத் தேய்த்தால் மாடு அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி சத்தம் வரும். ஆட்டக்காரர்கள் அதை 'தேவதுந்துபி' என்பார்கள். தோலும் குச்சியும் ஒரே குடும்பம். பெயரில் மட்டும் வானத்துக்கும் பூமிக்குமான தூரம். தோல்கருவியைத் தொடுகிறவன் யார் என்பதை வைத்தே மனிதனை எடைபோடுகிற தென்மாவட்டத்தில், தன் மேளத்துக்குத் தேவலோகத்துப் பெயர் சூட்டுவது சாதாரணக் காரியமில்லை. 'இது அந்த மேளமில்லை' என்று சொல்லும் வேலி அது. நம் நாட்டார் கலை ஆய்வுகள் கருவிகளின் அளவையும் மரத்தின் பெயரையும் எழுதிவிட்டு இந்த வேலியைக் காணாமல் போய்விடுகின்றன.

இந்த ஆட்டத்தில் பாட்டு கிடையாது. தாளம் மட்டும்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது நாட்டுப்புறவியல் என்று ஒரு தாள் இருந்தது. தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, விடுகதை, கதைப்பாடல். எல்லாமே சொல். தமிழ்த்துறை என்பது சொல்லைப் பிடித்துத் தொங்குகிற துறை; சொல் இல்லாத இடத்தில் அதற்குக் கண் தெரியாது. நாமெல்லாம் 'பிரதி' 'பிரதி' என்று எழுதித் தள்ளிய காலத்திலும் அந்தக் கண் கோளாறு போகவில்லை. எதையும் வாசித்துவிடலாம் என்றோமே தவிர, வாசிப்பதற்கு வாகாகச் சொற்கள் உள்ளதையே எடுத்துக்கொண்டோம். கட்டபொம்மன் கதைப்பாடலைப் பதிப்பிக்க நா. வானமாமலை கிடைத்தார். தேவராட்டத்துக்குப் பதிப்பாசிரியர் எப்படிக் கிடைப்பார்? ஏட்டில் பாடபேதம் பார்க்க அதில் என்ன இருக்கிறது?

சொல் இல்லாததால் இரண்டு காரியம் நடந்தது. ஒன்றுக்கொன்று எதிரான காரியங்கள்.

முதலாவது, வம்சாவளி. விழா மலர்களைப் புரட்டினாலும், கலைவிழா மேடையில் அறிவிப்பாளர் பேசுவதைக் கேட்டாலும் தேவராட்டத்துக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் தவறாமல் வாசிக்கப்படும். தொல்காப்பியம் சொல்லும் முன்தேர்க்குரவையும் பின்தேர்க்குரவையும் கலந்து வந்ததுதான் தேவராட்டம் என்பார்கள். அவை புறத்திணையியலில் வாகைத்திணையின் துறைகள். வென்ற மன்னனின் தேருக்கு முன்னும் பின்னும் ஆடுவது என்பதற்கு மேல் காலை எப்படி வைத்தார்கள், என்ன தாளம், எத்தனை பேர் என்று அங்கே ஒரு விவரமும் இல்லை. கம்பளத்தாரின் சொந்த நினைவோ விஜயநகரத்தையும் வடக்கேயிருந்து வந்த பயணத்தையும் சொல்கிறது. மதுரையில் நாயக்கராட்சி ஏற்பட்டு எழுபத்திரண்டு பாளையங்கள் வகுக்கப்பட்ட 16ஆம் நூற்றாண்டுதான் இந்தப் பக்கத்து வரலாற்றில் அவர்களுடைய காலம். அப்படி வந்தவர்களின் ஆட்டத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழ்ப் பிறப்பை எழுதிக்கொடுக்க எப்படி முடிந்தது? ஆட்டத்தில் ஒரே ஒரு தெலுங்குப் பாட்டு இருந்திருந்தால் முடிந்திருக்காது. ஊமையாக இருந்த ஆட்டத்தின் வாயில் நாம் தமிழை வைத்தோம். 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் சிவாஜி கணேசன் வாயில் வைத்த மாதிரிதான். வீட்டில் தெலுங்கு பேசியிருக்கக்கூடிய பாளையக்காரனை அடுக்குமொழித் தமிழில் கர்ஜிக்க வைத்து, அதன் வழியாகத்தான் அவனைத் தமிழ்நாடு தன்னவனாக ஏற்றுக்கொண்டது. கட்டபொம்மன் தெலுங்கன் என்று சொல்லி அவனை வெளியே தள்ளுகிற கும்பலோடு நான் சேரவில்லை. நானூறு வருஷம் இந்த மண்ணில் வேர்வை சிந்தியவனுக்கு உரிமை கோரச் சங்க இலக்கியத்திலிருந்து சான்றிதழ் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாவது காரியத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருகிறார். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. அதற்குப் பிறகு இந்த ஆட்டம் கிராமத்துக்குள், சாதிக்குள், வீட்டு விசேஷத்துக்குள் இருந்தது. எட்டயபுரம் வட்டாரத்தைச் சேர்ந்த ஜமீன் கோடங்கிபட்டியில் பள்ளி ஆசிரியராக இருந்த குமாரராமன் அதை வெளியே கொண்டுவந்தார். கம்பளத்தாருக்கு மட்டும் என்று இருந்ததை மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் சங்கீத நாடக அகாதமி விருது அவரைத் தேடி வந்தது. அதே ஊர்க் கண்ணன் குமார் கலைமாமணி ஆனார். இன்றைக்குத் தமிழ்நாட்டில் கலைக்கல்லூரி ஆண்டுவிழாவில் பெண்பிள்ளைகள் கைக்குட்டையோடு தேவராட்டம் ஆடுகிறார்கள் என்றால் அந்த வாத்தியார் போட்ட வித்து அது. விருதுச் செய்திகளில் இது 'அழிந்துவரும் கலையைக் காத்தார்' என்று எழுதப்படுகிறது. அவர் செய்தது காப்பது மட்டுமா? யார் ஆடலாம் என்பதை அவர் மாற்றினார். பிறப்பால் வந்துகொண்டிருந்த ஒன்றைப் பாடமாக ஆக்கினார். பாட்டு இல்லாததால் இங்கேயும் வழி சுலபமாயிற்று: வேறு சாதிப் பையன் தெரியாத மொழியில் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அந்தக் குலதெய்வத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தாளம் காதில் விழுந்தால் போதும். இதே கம்பளத்தாரிடம் பாட்டோடு கூடிய சேவையாட்டம் என்று இன்னொன்று உண்டு. அது இந்த அளவுக்கு ஊர் தாண்டவில்லை.

பாடம் என்றானதும் எண்ணிக்கை வந்தது. இன்ன அடவு, அடுத்த அடவு என்று வரிசை வந்தது. முன்னால் நிற்கிறவர் காலைப் பார்த்துப் பின்னால் நிற்கிற பொடியன் பிடித்துக்கொண்டதை இப்போது ஒன்று, ரெண்டு, மூணு என்று எண்ணிச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. இது நம்ம ஊருக்கு மட்டும் நேர்ந்ததில்லை. சல்சா என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலும் பெங்களூரிலும் இன்று ஓட்டல்களில் வாராவாரம் கூடி ஆடுகிறார்களே, அதுதான். கியூபாவின் கிழக்குப் பகுதியில் கறுப்பு அடிமைகளின் தாளமும் ஸ்பானியக் குடியானவர்களின் பாட்டும் சேர்ந்து பிறந்த 'சோன்' அதன் வேர். அது நியூயார்க்குக்குப் போய், 1950களில் பலேடியம் என்ற ஆட்டக்கூடத்தில் மாம்போவாகக் கொடிகட்டிப் பறந்தது. கறுப்பர், போர்ட்டோ ரிக்கோக்காரர், யூதர், இத்தாலியர் எல்லாரும் ஒரே தரையில் ஆடிய கூடம் அது, அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும் பல ஊர்களில் ஒரே பஸ்ஸில்கூடச் சேர்ந்து உட்கார முடியாத காலத்தில். பிறகு கியூபாவோடு அமெரிக்கா வணிகத்தை முறித்துக்கொண்டது. புதிய சரக்கு வரவில்லை. போர்ட்டோ ரிக்கோச் சேரிகளில் இருந்த இளைஞர்கள் தங்கள் சொந்த வாசிப்பைத் தொடங்கினார்கள். 1964இல் ஆரம்பித்த ஃபானியா இசைத்தட்டுக் கம்பெனி அதற்கெல்லாம் சேர்த்து 'சல்சா' என்று பெயர் ஒட்டி விற்றது. சல்சா என்றால் ஸ்பானிய மொழியில் தொட்டுக்கொள்கிற குழம்பு. தீத்தோ புவெந்தே போன்ற பெரிய வாத்தியக்காரருக்கே இந்தப் பெயர் பிடிக்கவில்லை. அது சாப்பிடுகிற பொருளல்லவா என்றார். தெருவில் பார்த்துப் பழகிய அந்த ஆட்டத்துக்கு அடிகளை எண்ணி, பெயர் வைத்து, பாடமாக்கியவர்களில் முக்கியமானவர் நியூயார்க்கின் எடி டோரஸ். அவரும் ஒரு வாத்தியார்தான். எண்ணிக்கையாக மாறியதால்தான் அது தோக்கியோவுக்கும் சென்னைக்கும் வந்தது.

சல்சாக்காரர்கள் தங்கள் கூட்டத்தை 'கம்யூனிட்டி' என்கிறார்கள். கூடி ஆடும் இரவை 'சோசியல்' என்கிறார்கள். முன்பின் தெரியாத ஆளிடம் போய் ஆட வருகிறீர்களா என்று கேட்கலாம். ஒரு பாட்டுக்குக் கையைப் பிடித்து ஆடிவிட்டு நன்றி சொல்லி அடுத்தவரிடம் போகலாம். இந்த இரண்டு சொல்லையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். கம்யூனிட்டி என்றால் சமுதாயம். கோவில்பட்டி சுவரொட்டியில் 'நமது சமுதாய மக்களே' என்று கண்டால் எந்தச் சமுதாயம் என்று யாரும் கேட்பதில்லை. கீழே இருக்கும் கொடியின் நிறத்தைப் பார்ப்போம். 'அவுக என்ன சமுதாயம்?' என்று பஸ்ஸில் விசாரிப்பதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். கல்யாண விளம்பரத்தில் 'சமூகம்' என்று ஒரு கட்டம் இருக்கும். சமுதாய நலக்கூடம் என்று பலகை மாட்டிய கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது, யார் வீட்டு விசேஷத்துக்குச் சாவி கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று ஒரு நாள் சுற்றிப் பார்த்தால் இந்தச் சொல்லின் அகராதி முழுதும் விளங்கும். பொதுவான மனிதக் கூட்டத்துக்கும் சாதிக்கும் நம் பேச்சில் ஒரே சொல். அதனால் 'சமுதாய ஆட்டம்' என்று தேவராட்டத்தைச் சொல்லும்போது நாம் உண்மையைத்தான் சொல்கிறோம், நாம் உத்தேசிக்காத பொருளில். (சல்சாவுக்கு வேலி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டல் வாசல், நுழைவுக் கட்டணம், இங்கிலீஷ், பளபளக்கிற செருப்பு எல்லாம் வேலிதான். அது காசு போட்டால் திறக்கிற வேலி. இது செத்தாலும் திறக்காதது.)

இங்கே என் நண்பர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மேடைக்கு வந்ததும் தேவராட்டம் செத்துவிட்டது, அது காட்சிப்பொருளாகிவிட்டது, சடங்கிலிருந்து பிடுங்கப்பட்டது என்று சிறுபத்திரிகைகளில் எழுதுவது வழக்கம். நாகரிகமான ஒப்பாரி. கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. கல்யாணப் பந்தலுக்கு முன்னால் ஆடும்போது பார்வையாளன் என்று தனியாக யாரும் கிடையாது. நன்றாக ஆடுகிறவன் முன்னால், ஆடத் தெரியாத கிழவனும் எட்டு வயசுப் பொடியனும் வரிசையின் வாலில். வால் தப்பும் தவறுமாக ஆடும், யாரும் விரட்டமாட்டார்கள். மேடையில் வால் கிடையாது. தேர்ந்த ஆட்டக்காரர்கள், ஒரே நிற உடுப்பு, பத்து நிமிஷம். அந்த வாலை இழந்தது பெரிய இழப்பு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வரிசைக்கு வெளியே யார் நின்றார்கள்? அந்த வீட்டுப் பெண்கள் வெளியே நின்றார்கள். இது ஆண்களின் ஆட்டம். அதே ஊர்ச் சேரிக்காரன் வெளியே நின்றான். பார்க்கலாம், சேர முடியாது. சடங்கிலிருந்து பிடுங்கியதால்தான் இவர்கள் காலில் சலங்கை ஏறியது. வேலியைப் பிரித்தவரைப் பார்த்து வேலியின் அழகைப் பற்றி அழுவது, வேலிக்கு உள்ளே பிறந்தவனுக்கோ வேலியே தெரியாத நகரத்தானுக்கோதான் முடியும்.

சதிரோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1930களிலும் 40களிலும் சதிர் பரதநாட்டியமாகி மேடையேறியபோது அதை ஆடிவந்த குலத்துப் பெண்கள் மேடையிலிருந்து இறக்கப்பட்டார்கள். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தது. வெளியார் ஆடினார்கள். கலை கைமாறியது. ஜமீன் கோடங்கிபட்டியில் அப்படி நடக்கவில்லை. ஆட்டம் வெளியே போயிற்று, குருவாக உள்ளூர்க்காரரே இருந்தார். மற்றவர் கற்றதால் கம்பளத்தார் எதையும் இழந்துவிடவில்லை.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா? பெண்கள் ஆடினால் கலை தானாகவே திறந்துவிடும் என்ற நம்பிக்கைக்குக் கொங்குநாடு பதில் சொல்கிறது. வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்து அதைப் பரப்பிய கோவை வட்டார பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது, மிகத் தகுதியானவர். அதே கும்மி ஆயிரக்கணக்கில் பெண்களைத் திரட்டிச் சாதிச் சங்கங்கள் நடத்தும் பெருங்கூட்டமாகவும் ஆகியிருக்கிறது. ஆடி முடித்த இளம்பெண்களிடம் சாதிக்குள்ளேதான் கல்யாணம் செய்வோம் என்று உறுதிமொழி வாங்கிய காணொளி ஊரெங்கும் சுற்றியது. பெண்ணின் காலுக்குச் சலங்கையையும் கழுத்துக்குக் கயிற்றையும் ஒரே கையால் கட்ட முடியும் என்று தெரிந்துகொண்டோம்.

நம் பக்கத்திலும் இழுபறி உண்டு. பாஞ்சாலங்குறிச்சியில் மே மாதம் வீரசக்கதேவி ஆலயத் திருவிழா நடக்கிறது. பல மாவட்டங்களிலிருந்து ஜோதி ஏந்தி வருவார்கள், தேவராட்டம் நடக்கும். கூடவே மாவட்ட நிர்வாகத்தின் தடை உத்தரவும் வரும், வாகனங்களில் கூட்டமாக வரக்கூடாது, ஆயுதம் கொண்டு வரக்கூடாது என்று. ஆடுகிற இடத்துக்கு நூறு கஜத்தில் போலீஸ் வேன் நிற்கிறது. 'தேவர்' என்ற சொல்லும் சும்மா இருக்கவில்லை. வானத்துத் தேவர்களைக் குறித்து இவர்கள் வைத்த பெயரை 2019இல் மதுரைப் பின்னணியில் வந்த ஒரு படம் தலைப்பாக எடுத்துக்கொண்டது. அந்தத் தலைப்பில் வேறொரு சாதியின் பெயரைத்தான் பலரும் கேட்டார்கள். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத வெளியூர் நண்பர் ஒருவர், 'அது அவுக ஆட்டம்தானே?' என்று என்னிடம் கேட்டபோது எந்த 'அவுக' என்று நான் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் அரசுப் பள்ளிகளில் 2022இலிருந்து கலைத்திருவிழாப் போட்டிகள் நடக்கின்றன. எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பார்த்தேன். ஆறு பெண்கள், நாலு பையன்கள், எல்லாத் தெருவிலிருந்தும் வந்த பிள்ளைகள். அடி சுத்தமாக இருந்தது. வரிசையின் கடைசியில் ஒரு குட்டிப்பெண் ஒவ்வொரு திருப்பத்திலும் அரை அடி பிந்தி வந்தாள். டீச்சர் அவளை நிறுத்தவில்லை. மேளக்காரரை வரவழைக்கக் காசு இல்லை. கைபேசியில் பதிந்த உறுமியைப் பெட்டியில் ஓடவிட்டார்கள். பாதியில் அது நின்றுபோனதும் ஒரு பையன், 'மிஸ், ட்ராக் நின்னுருச்சு' என்றான். பிள்ளைகள் நிற்கவில்லை. சலங்கைச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு ஆடி முடித்தார்கள்.